பஞ்சுவின் மூன்று வேளை

என்னை எல்லாரும் ஊசி என்பார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே அக்கா. ஊசி மருந்து தயாரிக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். உடம்பும் மெலிசு, பேச்சும் குத்தும், பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இது என் கதை இல்லை, பஞ்சுவின் கதை. ஆனால் நடுநடுவே நான் மூக்கை நுழைப்பேன். அவள் வாழ்க்கையிலும் அப்படித்தான் நுழைத்தேன்.

பஞ்சு என்பதும் வீட்டில் வைத்த பெயர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு வெள்ளை அங்கி தேடி ஸ்டோர்காரர் மூன்று அலமாரியைக் குடைந்தார். கடைசியில் கிடைத்த பெரிய அங்கியிலும் நடுப் பொத்தான் மாட்டவில்லை. "பஞ்சு மூட்டைக்கு உறை தைக்கிற ஆள்கிட்டதான் கொடுக்கணும்போல" என்று அவர் சொன்னதும் பேக்கிங் பிரிவே சிரித்தது. அவளும் சிரித்தாள். எந்த இடத்தில் எவ்வளவு சிரித்தால் பேச்சு அதோடு முடியும் என்பது இருபத்திரண்டு வயதுக்குள் அவளுக்கு அத்துப்படி. அன்றைக்கு நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

நான் பொறுப்பாளராக இருக்கும் பிரிவின் வேலையே கண்ணால் பார்ப்பதுதான். மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிப் புட்டிகள் தட்டுத் தட்டாக வரும், ஒரு தட்டுக்கு நூறு. மேலே விளக்கு, எதிரே ஒரு பக்கம் கறுப்புப் பலகை, மறுபக்கம் வெள்ளைப் பலகை. இரண்டு புட்டிகளைக் கழுத்தில் பிடித்து மெல்லச் சுழற்றிக் கறுப்புக்கு முன் ஐந்து நொடி, வெள்ளைக்கு முன் ஐந்து நொடி பார்க்க வேண்டும். நூலிழை, தூசு, கண்ணாடித் துகள், எது தெரிந்தாலும் அந்தப் புட்டி குப்பைக்கு. இருபது நிமிடம் பார்த்தால் பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு. பிறகு மறுபடியும் இருபது நிமிடம். வெளியாள் வந்தால் அரை மணியில் பைத்தியம் பிடிக்கும்.

பஞ்சுவுக்கு அந்த இடம் பிடித்துப் போனது. அங்கி, தலைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க், எல்லாம் போட்டு உட்கார்ந்தால் கண் மட்டும்தான் வெளியே தெரியும். பஸ்ஸில் இவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்து போவார். கடைக்குப் போனால், இவள் கேட்பதற்கு முன்பே "உங்க சைஸ் இல்லம்மா" என்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஒருநாள் அவளே சொன்னாள், "இங்க யாரும் என்னைப் பார்க்கலக்கா. நான்தான் பார்க்கிறேன்."

பார்வையும் அப்படி. என் கண்ணுக்கே தப்பிய ஒரு இழையை முதல் மாதத்திலேயே பிடித்துக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றிருந்தாலும் சந்தோஷம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்குத் தேர்வு உண்டு. நூறு நல்ல புட்டிகளுக்கு நடுவே பத்துக் கெட்ட புட்டிகளைக் கலந்து வைப்பார்கள். எது எது என்று மருந்தின் தரம் சோதிக்கும் தர அறைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒன்றைக் கோட்டை விட்டால் மன்னிப்பு, இரண்டுக்குக் கிடையாது. கண்ணாடித் துகளை விட்டால் பேச்சே இல்லை. நான்கு தேர்வு வரிசையாகத் தேறினால் வேலை நிரந்தரம். பஞ்சு மூன்று தேறியிருந்தாள். நான்காவதையும் தேறிவிட்டால் வேலை முடிந்து ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலி அவளுடையது.

கோளாறெல்லாம் ஓய்வு நேரத்தில்தான். விளக்கின் முன் ஒரு கொட்டாவி விடமாட்டாள். வெளியே நடையில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிடம் தலை சுவரில் சாய்ந்துவிடும். வாய் திறந்து குறட்டை வேறு. மாடிப்படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். ஒரு நாள் டீ நேரம் முடிந்து ஆளைக் காணோம் என்று தேடினால், உடை மாற்றும் அறையில் ஒரு கால் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி என்னதான் பண்ற நீ?"

"தூங்கறேன்க்கா. ஒம்பது மணிக்குப் படுத்தா நாலரைக்குத்தான் எழுந்திருக்கறேன். ஆனா எழுந்தா, தூங்காத மாதிரியே இருக்கு."

"தின்னுட்டுத் தின்னுட்டு உடம்பு கனத்துப் போச்சு. அதான் அசத்துது. சாப்பாட்டைக் குறை, எல்லாம் சரியாகும்."

இதைச் சொன்னது நான். டாக்டருக்குப் படித்தவள் மாதிரி சொன்னேன். நான் சின்ன வயதில் பாதி வயிற்றோடு வளர்ந்தவள், பசித்தால் மனிதன் சுறுசுறுப்பாக இருப்பான் என்பது என் கட்சி. அவள் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒன்றும் கிடையாது. பத்து மணிக்குக் கேன்டீனில் இரண்டு பன், மூன்று சர்க்கரை போட்ட டீ. மத்தியானம் மூன்றடுக்கு டப்பா, கீழடுக்கில் சோறு, நடுவிலும் சோறு, மேலடுக்கில் உருளைக்கிழங்கு. சாயந்தரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பாக்கெட் வறுவல். இவ்வளவும் உள்ளே போனால் யானைக்கும் தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டாம் தேதி, அவள் டப்பாவைத் திறக்கும் முன் நான் வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதிலுக்கு வெள்ளரிக்காய் இரண்டும் அரை ஆப்பிளும் கொடுத்தேன், என் கையால் நறுக்கியது. "இனிமே இதுதான். தேர்வு முடியட்டும், பாரு, சிட்டா பறப்பே." அவள் டப்பா போன திசையைப் பார்த்தாள். பிறகு "சரிக்கா" என்று ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

பேக்கிங்காரர்களுக்கு அது பொழுதுபோக்காகிவிட்டது. அட்டைப்பெட்டிகளை எடை போடும் மேடை அவர்களிடம் உண்டு. திங்கட்கிழமை தோறும் பஞ்சுவை அதில் ஏற்றி, சுவரில் ஒரு தாளை ஒட்டித் தேதியும் கிலோவும் எழுதினார்கள். முதல் நாள் தொண்ணூற்றெட்டு. அடுத்த வாரம் தொண்ணூற்றாறு. கை தட்டினார்கள். ஆறாவது வாரம் எண்பத்தொன்பது வந்தபோது ஸ்டோர்காரர் புது அங்கி கொண்டுவந்து கொடுத்தார், நடுப் பொத்தான் மாட்டியது. எல்லாரும் என்னைத்தான் பாராட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

தூக்கம் மட்டும் குறையவில்லை. கூடியது. பெஞ்சில் உட்கார்ந்தவளை எழுப்ப இரண்டு முறை தோளைத் தட்ட வேண்டியிருந்தது. நின்றால் சுவர், உட்கார்ந்தால் மேஜை, எங்காவது ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருந்தாள். கேட்டால் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் இப்போது பாதிதான் வந்தது. உடம்பு பழகிக்கொள்கிறது, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று நான் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்வு நாள் வந்தது. பத்தில் ஆறு பிடித்தாள். விட்ட நான்கில் ஒன்று கண்ணாடித் துகள்.

தர அறைக்காரர் தாளை என் மேஜையில் வைத்தார். பஞ்சு மாஸ்க்கைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "தெரியலக்கா. பார்த்துட்டேதான் இருந்தேன். எல்லாம் ஒரே மாதிரி தெரிஞ்சுது" என்றாள். மறு சோதனை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினோம்.

ஒருவர் தேறவில்லை என்றால் அவர் போன தேர்வுக்குப் பிறகு பார்த்து அனுப்பியதெல்லாம் சந்தேகத்துக்குள் வரும். நல்லவேளையாக எங்கள் மருந்து மூன்று மாதம் கிடங்கில் காத்திருந்துதான் வெளியே போகும். அவள் பார்த்த ஒவ்வொரு நாளிலிருந்தும் இரண்டு தட்டுகள் எடுக்கச் சொன்னார்கள். மொத்தம் நூற்று முப்பத்திரண்டு தட்டுகள். நானும், என்னோடு சேர்ந்த சீனியர்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். என் கண் எரிந்தது. அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு செய்தும் இப்படிக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே புட்டிகளைச் சுழற்றினேன்.

இரண்டாம் நாள் மாலையில், தப்பிப்போன புட்டிகளின் சீட்டுகளைச் சீனியர்களில் ஒருவர் தேதி வரிசைப்படி அடுக்கினார். கண்ணாடி போட்ட மனிதர், அதிகம் பேசமாட்டார்.

"முதல் அஞ்சு வாரம் ஒண்ணுகூட இல்லம்மா. சுத்தம். பன்னண்டாம் தேதிக்கு அப்புறம்தான் ஒண்ணொண்ணா வருது. மூணாவது வாரத்துல ஒரு இழை, அடுத்ததுல ரெண்டு, கடைசி வாரம் நாலு. பன்னண்டாம் தேதி என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியும் என்ன ஆச்சு என்று. பேக்கிங் பிரிவுக்குப் போய்ச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். அந்தத் தாளில் கிலோ குறையக் குறைய இந்தச் சீட்டுகளில் தப்பு ஏறியிருந்தது. தாளைக் கிழித்தேன். பேக்கிங்காரி ஒருத்தி ஏன் என்று கேட்டாள். கிழிந்ததைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் அவள் வீட்டைத் தேடிப் போனேன். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே வெகுதூரம் போகும் தெரு, இரண்டு அறை வீடு. அப்பா வாட்ச்மேன், வேலைக்குப் போயிருந்தார். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அந்த அக்கா? உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. பத்து வயசுலேர்ந்து நாங்க சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். நீங்க ஆறு வாரத்துல குறைச்சுட்டீங்க. அதைப் பார்த்துட்டு நானும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். மத்தியானம் டப்பாவைத்தான் முழுசாக் காலி பண்ணிடறாளே, அது போதும்."

டப்பா காலியாகத்தான் வீட்டுக்குப் போகும். என் அலமாரியில் பூட்டியதைச் சாயந்தரம் கேன்டீன் பின்னால் இருக்கும் நாய்களுக்கு நானே கொட்டச் சொல்லியிருந்தேன். வீட்டில் திட்டுவார்களே என்று.

பஞ்சு உள்ளறையில் தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பியின் சட்டை, கையில் ஊசி நூல், தைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். எழுப்பிக் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிடற?"

"ஒண்ணும் இல்லக்கா. கேன்டீன் பன்னையும் விட்டுட்டேன். எல்லாரும் இவ்வளவு கஷ்டப்படறீங்களே, நானும் ஏதாவது செய்யணும்னு."

மத்தியானத்தை நான் வெட்டினேன். ராத்திரியை அம்மா வெட்டினாள். காலையை அவளே வெட்டிக்கொண்டாள். மற்ற இரண்டு வேளையும் நடக்கிறது என்று ஆளுக்கு ஆள் நினைத்திருந்தோம். எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அவளும் வாயைத் திறக்கவில்லை. "ஏண்டி சொல்லல?" என்றேன். "எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்கக்கா" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பெண், பஞ்சுவைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள். முடிவு வந்ததும் முகம் மாறியது.

"ஹீமோகுளோபின் பன்னண்டாவது இருக்கணும். ஏழுதான் இருக்கு. எப்படிம்மா மாடியெல்லாம் ஏறினீங்க?"

குண்டாக இருப்பவளுக்கு ரத்தம் குறையும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அது என்னைப் போன்ற எலும்பும் தோலுமான ஆட்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் கேட்டும் விட்டேன்.

"ஆறு வாரத்துல வந்தது இல்ல இது. ரொம்ப நாளா இருந்திருக்கு. பன், டீ, வறுவல்னு வயிறு நிறைஞ்சுதே தவிர உடம்புக்குச் சேர வேண்டியது சேரல. அதான் தூங்கினாலும் அசதி போகல. சோம்பேறித்தனம் இல்ல. அதுக்கு மேல பட்டினியும் போட்டிருக்கீங்க. எடை குறையணும்தான், இல்லேங்கல. ஆனா மூணு வேளையும் சாப்பிட்டுக் குறையணும். கீரை, பருப்பு, முட்டை, பழம் சாப்பிடுங்க. மாத்திரையும் தர்றேன். அடுத்த மாசம் வாங்க." எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள், "யாரு இந்த டயட்டைச் சொல்லிக்கொடுத்தது?"

"நானாத்தான் மேடம்" என்றாள் பஞ்சு.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஊரையே குத்தும் என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. அவமானம் என்றால் என்னவென்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் கம்பெனியில் அப்படி இருக்க முடியவில்லை. தேர்வில் தேறாததற்குக் காரணம் என்று ஒரு தாள் நான் நிரப்ப வேண்டும். கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை எழுதினால் எல்லாருக்கும் சுலபம். ஆனால் அவள் இனி விளக்குப் பக்கமே வர முடியாது, அட்டைப்பெட்டி மடிக்கப் போக வேண்டியதுதான். நான் ரத்தச் சோதனைத் தாளை இணைத்து, அவளுடைய மத்தியானச் சாப்பாட்டை ஆறு வாரம் பிரிவுப் பொறுப்பாளராகிய நான் நிறுத்தி வைத்தேன் என்று எழுதினேன். தர அறைக்காரர் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க" என்றார். இருபத்தாறு வருடத்தில் எனக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பஞ்சுவுக்கு மூன்று மாதம் சிகிச்சை, பிறகு அந்த நான்காவது தேர்வையே இன்னொரு முறை. அதிலும் தவறினால் அட்டைப்பெட்டிதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் அவள் பேக்கிங்கில் நின்றாள். முதலில் நான்கு கிலோ ஏறியது. பேக்கிங்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் அந்த மேடைக்கு ஒரு அட்டையைப் போட்டு மூடச் சொன்னேன். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்றாள், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது மாதம் ரத்தம் ஒன்பதுக்கு வந்தது. படியில் நிற்காமல் ஏறுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். மத்தியானம் கேன்டீனுக்குள் நான் நுழையும்போதெல்லாம் அவள் டப்பா மூடியிருக்கும். சாப்பிட்டு முடித்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்வு அன்று நான் உள்ளே போகவில்லை. நடையில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தர அறைக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, பத்துக்குப் பத்து என்றார். கூடவே நல்லது என்று நாங்கள் வைத்த நூறிலிருந்தும் ஒரு தூசுப் புட்டியைப் பிடித்திருக்கிறாள் என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது. வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

நிரந்தர உத்தரவு வந்த அன்று மத்தியானம் பஞ்சு என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். வணக்கம் சொல்லிக் காலைத் தொடுவாளோ என்று கூச்சமாக எழுந்தேன். அவள் தாளை மேஜையில் வைத்தாள்.

"என்னை மத்தியான ஷிஃப்டுக்கு மாத்தி விடுங்கக்கா."

"ஏன்? அந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் என்னைவிடக் கடுவன் பூனை. இங்க உன் விளக்கு காலியாத்தானே வெச்சிருக்கேன்."

"கோவமெல்லாம் இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. எனக்காகக் கடுதாசி வாங்கினதும் நீங்க. அதெல்லாம் மறக்கல." தாளின் ஓரத்தை நீவினாள். "ஆனா நீங்க உள்ள வந்தா என் கை டப்பாவை மூடிடுதுக்கா. நான் மூடணும்னு நினைக்கறதில்ல, அதுவா மூடுது. அப்புறம் திறக்க முடியல. டாக்டர் மூணு வேளை சாப்பிடச் சொல்லியிருக்காங்க. உங்க ஷிஃப்ட்ல எனக்கு ரெண்டு வேளைதான் கிடைக்குது."

எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. இனிமேல் கேன்டீன் பக்கம் வரமாட்டேன், வெளியே மரத்தடியில் சாப்பிட்டுக்கொள்கிறேன், எதிரில் உட்கார்ந்து நானே உனக்குப் பரிமாறுகிறேன். எல்லாம் மறுபடியும் அவள் டப்பாவில் கை வைக்கிற பேச்சு.

தாளை இழுத்துப் படித்தேன். மாற்றம் கேட்பதற்கான காரணம் என்ற இடத்தில், பஸ் வசதி என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய் வந்தவள் நான். அந்த நேரத்தில் அவள் தெருப் பக்கம் பஸ்ஸே கிடையாது, உச்சி வெயிலில் பெரிய ரோடு வரைக்கும் நடந்து வர வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.